விறகடுப்பின் சாம்பல் தட்டு குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்: நிர்வாகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் இரும்பு விறகடுப்பு எரிவதில் குறையில்லை. குறை முழுவதும் அடியில் இருக்கும் சாம்பல் தட்டில்தான்.

தட்டின் ஆழம் 4 சென்டிமீட்டர். சாம்பல் அதில் பரவி விழுவதில்லை. தீயின் நேர்க்கீழே கூம்பாகக் குவிகிறது. ஓரங்கள் காலியாக இருக்கும்போதே குவியலின் முனை மேலே உள்ள வார்ப்பிரும்புக் கம்பிகளைத் தொட்டுவிடும். கீழிருந்து ஏறும் காற்றுதான் அந்தக் கம்பிகளின் சூட்டைத் தணிக்கிறது. அது அடைபட்டால் மேலே தணல், கீழே சூட்டுச் சாம்பல். இடையில் கம்பி என்ன செய்யும்? நடுக்கம்பிகள் இரண்டும் 1 சென்டிமீட்டர் தொய்ந்துவிட்டன.

தொய்ந்த கம்பி அடுத்த கோளாறுக்கு வழி செய்கிறது. தட்டை வெளியே இழுக்கும்போது குவியலின் தலையைக் கம்பி வழித்துவிட, சாம்பல் பின்விளிம்பைத் தாண்டிப் பின்னால் கொட்டுகிறது. அங்கே கையும் போகாது, கரண்டியும் நுழையாது. நாளடைவில் அது கெட்டிப்பட்டு, தட்டு முழுதாக உள்ளே போகாமல் விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடுக்கில் காற்று புகுவதால், காற்றுத்துளையை மூடினாலும் தீ அடங்காது. குழம்பு அடிபிடிக்கிறது, விறகும் வீண்.

உங்கள் கையேடு இதைவிட மோசம். "சாம்பல் சூடாக இருந்தால் தட்டிலேயே தண்ணீர் தெளிக்கவும்" என்கிறது. தெளித்தால் ஆவியோடு சாம்பல் முகத்தில் அடிக்கும். நனைந்த விறகுச் சாம்பல் கடுங்காரம். தட்டின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மற்றதைத் துரு பார்த்துக்கொள்ளும். பிறகு "குப்பைத் தொட்டியில் கொட்டவும்" என்கிறது. சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாள்கணக்கில் அணையாமல் கிடக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் பலகைச் சுவரோரம் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியில் அதைக் கொட்டச் சொல்கிறீர்களா? மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வைத்து, நன்றாக ஆறிய பிறகே கொட்ட வேண்டும். சாம்பலால் பாத்திரம் விளக்கலாம் என்று மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியாததா?

மாற்றுக் கம்பி கேட்டால் "ஸ்டாக் இல்லை, புது அடுப்பு வாங்குங்கள்" என்கிறார் உங்கள் முகவர். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பொருளின் தரத்துக்கு மட்டுமல்ல, உதிரிபாகம் கிடைப்பதற்கும் உத்தரவாதம் கேட்கிறது.

கனமான புதுக் கம்பிகளும், குறைந்தது 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள கறுப்பு இரும்புத் தட்டும், அது பொருந்தும்படி உயர்த்திய அடிப்பெட்டியும் வேண்டும். பின்பக்கம் சாம்பல் வழிக்க ஒரு சிறு கதவும் வையுங்கள். இயலாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். கையேட்டின் அந்தப் பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

14 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். ரசீது நகலும், தொய்ந்த கம்பி, துருத்தட்டின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்