இடநெருக்கடி என்று சொன்னது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் மக்கள்தொகை குறைந்துவருவது பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பேரரசுக் காலத்தை, ‘இடநெருக்கடி தாங்காமல் ஜப்பானியர் மஞ்சூரியாவில் (அன்று ஜப்பான் பிடித்துவைத்திருந்த வடகிழக்குச் சீனாவில்) குடியேறினர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அது அன்றைய ஆட்சியாளர்கள் சொன்ன காரணம்.

1920-இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானில் சுமார் 5 கோடியே 60 லட்சம் பேர். 1935-இல் 6 கோடியே 92 லட்சம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். 1932 முதல் 1945 வரை மஞ்சூரியாவுக்கு விவசாயக் குடியேறிகளாகப் போனவர்களோ மொத்தமே சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். நான்கு மாதத்தில் கூடிய தொகைகூட இல்லை. இதில் எந்த நெருக்கடி தீர்ந்திருக்கும்?

அப்புறம் 1941 ஜனவரியில் அதே அரசு, 1960-க்குள் மக்கள்தொகை 10 கோடியாக வேண்டும், தம்பதிக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் வேண்டும் என்று அமைச்சரவையில் முடிவெடுத்தது. இடமில்லாத நாடு இப்படிக் கேட்குமா? படைக்கும் ஆலைக்கும், பிடித்த நாடுகளைக் கட்டிக்காக்கவும் ஆள் தேவைப்பட்டது.

போனவர்கள் பாவப்பட்ட ஜனங்கள். நாகானோ மாகாணத்திலிருந்துதான் அதிகம் பேர் போனார்கள். பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த ஊர்கள் அவை. 1930 வாக்கில் பட்டு விலை சரிந்ததும் கடனில் மூழ்கின. அவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி காடு திருத்தியது அல்ல. சீன விவசாயிகள் உழுதுகொண்டிருந்த வயல்களை அடிமாட்டு விலைக்குப் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

1945 ஆகஸ்டில் சோவியத் படை நுழைந்தபோது, குடியேற்றங்களின் ஆண்களில் பெரும்பாலோர் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டிருந்தார்கள். காக்க வேண்டிய ஜப்பானியப் படையும் முன்பே பின்வாங்கியிருந்தது. பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் நடந்தே தப்பப் பார்த்தார்கள். குடியேறியவர்களில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல தாய்மார்கள் பிள்ளைகளைச் சீனக் குடும்பங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நிலத்தைப் பறிகொடுத்த மக்களின் வீடுகளிலேயே அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1981 முதல் அவர்கள் அணி அணியாக ஜப்பான் வந்து பெற்றோரைத் தேடினார்கள். நாற்பது வயதாகியும் பலருக்குச் சொந்தப் பெயர் தெரியாது, ஜப்பானிய மொழி வராது.

அடுத்த முறை எழுதும்போது இவர்களுக்கும், இவர்களை வளர்த்த சீனத் தாய்மார்களுக்கும் இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கரூர்.