கம்பிக்கு முன் கணக்கைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய, இலங்கை மின்கட்டமைப்புகளை இணைக்க 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றிலிருந்து கடலடிக் கேபிளைப் பற்றித்தான் பேச்சு. நேபாள மின்சாரம் இந்தியா வழியாக வங்கதேசம் போய்ச் சேர்ந்த விதத்தைக் கவனித்தவர்களுக்கு, சிக்கல் வேறிடத்தில் இருப்பது தெரியும்.

மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்கு மின்பாதை 2013இலேயே தயார். நேபாளத்தின் தல்கேபரிலிருந்து பீகாரின் முசாபர்பூருக்கு 2016இல். அப்படியிருந்தும் முதல் 40 மெகாவாட் வங்கதேசத்தைத் தொட்டது 2024 நவம்பர் 15 அன்றுதான். இந்தியாவைக் கடந்து மூன்றாவது நாட்டுக்கு மின்சாரம் அனுப்ப 2018இல்தான் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் 2019இல் வந்தன. விலையும், மின்பாதையில் வீணாகும் மின்சாரத்தின் இழப்பும் பேசி முடித்து முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 அக்டோபர் 3இல்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளை இங்கே பேச்சு நடத்துபவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும் விற்பனை, ஐந்தாண்டுகளுக்கு. யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். மீட்டர் இருப்பது முசாபர்பூரில். அதுவரையான இழப்பு நேபாளத்தின் பொறுப்பு, அதற்கப்பால் உள்ள இழப்பும் மின்பாதைக் கட்டணமும் வாங்குபவர் பொறுப்பு. மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் நீர் பெருகி மின்சாரம் மிஞ்சும். அப்போது வங்கதேசத்தில் புழுக்கம், தேவை அதிகம். குளிர்காலத்தில் ஆறு வற்றினால் நேபாளமே இந்தியாவிடம் வாங்குகிறது. பருவம் இப்படிப் பொருந்துவதால்தான் நிலையான விலை அங்கே எடுபடுகிறது.

இந்திய, இலங்கை இணைப்பு வரும் மன்னாரில் அந்த வசதி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மன்னாரில் வீசும் அதே மாதங்களில்தான் தமிழகத்தின் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் முழுவீச்சில் சுழல்கின்றன. இரு கரையிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் மிகையானால் யார் யாரிடம் வாங்குவது? எனவே பருவம் முழுவதற்கும் ஒரே நிலையான விலை இங்கே உதவாது. இந்திய மின்சந்தையில் ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது; அதற்கேற்பத்தான் விலையும் அமைய வேண்டும். சொன்ன அளவுக்கும் அனுப்பிய அளவுக்கும் வித்தியாசம் வந்தால் யார் ஈடு கட்டுவது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இலங்கையின் மொத்தக் கட்டமைப்பே சிறியது. 2025 பிப்ரவரி 9, ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள உதவும், சுழலும் பெரிய மின்னாக்கி இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. ஒரே துணைமின் நிலையக் கோளாறில் நாடே இருண்டது. இப்படிப்பட்ட கட்டமைப்புக்கு 500 மெகாவாட்டை ஒரே கேபிளில் அனுப்பி, அது சட்டென அறுந்தால் அதிர்வெண் சரிந்து எல்லாம் அணைந்துவிடும். நேர்மின்னோட்டப் பாதையை இரட்டைத் துருவமாக, அதாவது தனித்தனியே இயங்கக்கூடிய இரண்டு பாதிகளாக அமைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். ஒரு துருவத்தின் அளவு, அந்த நேரத்தில் இலங்கை இழந்தால் தாங்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. செலவைக் குறைக்க ஒற்றைத் துருவத்தோடு தொடங்கலாம் என யாரேனும் சொன்னால், ஆரம்பத்தில் 150, 200 மெகாவாட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பேராமாராவின் 1,000 மெகாவாட் கொள்ளளவில் பெரும்பகுதி இந்திய மின்சாரத்துக்கே ஏற்கெனவே போய்விட்டது. நேபாளம் கூடுதலாக விற்க விரும்பினாலும் பாதையில் இடம் போதவில்லை. மன்னார்ப் பாதையில் இரு திசைக்கும் எவ்வளவு ஒதுக்கீடு என்பதை, டெண்டர் விடுவதற்கு முன்பே இரு அரசுகளும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மின்பொறியாளர் ஒருவர்,
மதுரை.