ரங்கூனிலிருந்து ஒரு டிராம் கடிதம்

அன்புள்ள மாணிக்கம்,

நலம். உன் அண்ணிக்குத்தான் முட்டி வலி, மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறாள். நாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு என்ன செய்வது! சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேரன் மெல்போர்னிலிருந்து அனுப்பிய டிராம் படத்தை எனக்கும் அனுப்பிவிட்டு, நம் ஊர்களில் மட்டும் ஏன் ஒழித்தார்கள் என்று கேட்டிருந்தாய். இதைப் பற்றிப் பேச எனக்கு இங்கே ஆளே கிடைப்பதில்லை. மாட்டிக்கொண்டாய்.

நம் ஊர்களில் மட்டுமா? பஸ்ஸும் காரும் பெருகியதும் உலகம் முழுக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மெல்போர்ன்காரர்கள் பெயர்க்காமல் விட்டார்கள், இன்று சுமார் 250 கிலோமீட்டர் வைத்திருக்கிறார்கள். மதராஸும் இதில் பின்தங்கிய ஊர் இல்லை. இந்தியாவில் முதல் மின்சார டிராம் 1895-இல் அங்கேதான் ஓடியது. அதுவும் முதலில் மேலே கம்பி இல்லாமல்! சாலைக்கு அடியில் குழி வெட்டி, அதற்குள்ளிருந்து மின்சாரம் எடுத்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து அந்த ஏற்பாடு படுத்துவிட்டது. பிறகுதான் கம்பி கட்டினார்கள். பிரான்சில் போர்தோ என்ற ஊரில், பழைய கட்டடங்களின் அழகு கெடக்கூடாது என்று 2003-இல் மறுபடியும் தரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தார்கள். டிராமுக்கு அடியில் இருக்கிற துண்டில் மட்டும் மின்சாரம் வரும், மற்ற இடத்தை ஆள் மிதித்தால் ஒன்றும் ஆகாது. மதராஸ்காரன் நூறு வருஷம் அவசரப்பட்டுவிட்டான். கம்பெனி நொடித்து 1953-இல் டிராம் நின்றது. நீ இங்கிருந்து கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது உனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நம் ரங்கூனில் மின்சார டிராம் வந்தது 1906-இல். 'ரங்கூன் எலெக்ட்ரிக் டிராம்வே அண்ட் சப்ளை கம்பெனி' என்று பெயர். வீட்டு விளக்குக்கும் அவனேதான் கரண்ட் கொடுத்தான். இப்போது கரண்ட் வருகிற அழகைப் பார்த்தால் அந்தக் கம்பெனியையே திரும்பக் கூப்பிடலாம் போலிருக்கிறது. யுத்தத்தோடு அந்த டிராம் போயிற்று.

இங்கே டிராம் மறுபடியும் வந்தது உனக்குத் தெரியுமா? 2016 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் விட்டார்கள். வண்டி ஹிரோஷிமாவில் ஓடிய பழைய வண்டி. அணுகுண்டு விழுந்த மூன்றாம் நாளே கொஞ்ச தூரமாவது டிராம் ஓட்டிக் காட்டிய ஊர் அது. அந்த ஊர் வண்டி நம் ஊருக்கு வருகிறது என்றதும் நான் சின்னப் பையன் போல் குதித்தேன். நானும் உன் அண்ணியும் ஏறிப் பார்த்தோம். பெட்டி நீளம், ஆள் சொற்பம். அந்த வருஷம் பாதி தாண்டும்போதே நிறுத்திவிட்டார்கள்.

நம் ஜனங்களுக்கு டிராம் ஒத்துவராது என்று அப்போது பலர் பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஏன் விட்டார்கள்? அங்கே துறைமுகத்துச் சரக்கு ரயில் தண்டவாளம் ஏற்கெனவே கிடந்தது, அதனால்தான். ஒரு பக்கம் ஆறும் ஜெட்டியும். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து ஏறுவார்கள்? கடையும் கூட்டமும் மகாபந்தூலா ரோடு, அனவ்ரத்தா ரோடு, நம் காளியம்மன் கோவில் பக்கம். அங்கிருந்து இறங்கிவந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த அகலச் சாலையைத் தாண்டி, ஒரு நாளைக்குச் சில நடையே வருகிற வண்டிக்குக் காத்து நிற்க வேண்டும். பஸ்காரன் வாசலிலேயே கூவிக் கூப்பிடும்போது யார் போவார்கள்? இதே ஊரில் வட்ட ரயில் 46 கிலோமீட்டர் சுற்றி வருகிறதே, கீரைக்கட்டும் வாழைத்தாருமாக ஏறுகிறார்களே. தண்டவாளம் பிடிக்காத ஜனங்களா இவர்கள்?

பிரான்சில் செய்ததைப் பார். 1973-இல் பெட்ரோல் விலை ஏறிய பிறகுதான் அவர்களுக்கு டிராம் ஞாபகம் வந்தது. 1958-இல் மூடிய நாந்த் ஊரில் 1985-இல் புதிதாகப் போட்டார்கள். 1994-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போட்டபோது நடு ஊரில் காருக்கு வழியை அடைத்து, டிராமுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் கத்தினார்கள். ஒரு டிராமில் இருநூறு பேருக்கு மேல் போகலாம். ஆனால் அது தனக்கென்று வழி இருந்தால்தான். கார்களுக்குப் பின்னால் நின்றால் அதுவும் ஒரு நீளமான பஸ்தான், ஒதுங்கக்கூடத் தெரியாத பஸ். இங்கே அனவ்ரத்தா ரோட்டில் காரை நிறுத்த இடம் தர மாட்டேன் என்று எந்த அதிகாரி சொல்லுவான்? சென்னையில்தான் சொல்லுவார்களா?

ஜப்பானிலும் உட்சுனோமியா என்ற ஊரில் 2023-இல் பழைய தண்டவாளம் எதுவும் இல்லாத இடத்தில் முழுக்கப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிற கூட்டம் இருந்த திசையில் போட்டார்கள், ஓடுகிறது.

பேரனிடம் ஒன்று கேட்டுச் சொல். அங்கே தாழ்தளப் பெட்டிகளில் முட்டி வலிக்காரர்கள் கையைப் பிடிக்காமல் ஏற முடிகிறதா? உன் அண்ணிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அப்புறம், மகள் தை மாதம் சென்னை வருகிறாள். உனக்கு லப்பே, அதுதான் நம் பர்மா தேயிலை ஊறுகாய், கொடுத்தனுப்புகிறேன், வறுத்த பயறு தனிப் பொட்டலம். அவளிடம் எனக்கு அந்த மூட்டுவலித் தைலம் நாலு பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடு. போன தடவை அனுப்பியது தீர்ந்து இரண்டு மாதமாயிற்று.

அன்புடன்,
சுப்பையா