குதிரையை வரையணும்னா முதல்ல லத்தி அள்ளணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற உங்க பழைய வாசகி. ஆனா இந்தக் கடிதத்தை ஈசூன்ல இருந்து எழுதல, கனடாவுல ஒன்டாரியோ பக்கம் என் தங்கச்சியோட குதிரைப் பண்ணையில, சமையக்கட்டு மேசையில உக்காந்து எழுதுறேன். வெளிய மைனஸ் 17 டிகிரி. காலை வேலை முடிஞ்சு இப்பதான் உள்ள வந்தேன், விரல் இன்னும் சரியா மடங்கல, பேனா பிடிக்க வரல, அதனால ஃபோன்லயே டைப் பண்றேன். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்குங்க.

2026 பிப்ரவரி 17ஆம் தேதி சீனப் புத்தாண்டு, இந்தத் தடவை குதிரை வருஷம். சிங்கப்பூர்ல பார்க்கிற இடமெல்லாம் குதிரைப் படமா இருக்கும். அதை நினைச்சாலே எனக்கு நவம்பர்ல நடந்த ஒண்ணு ஞாபகம் வருது. எங்க புளோக் பிள்ளைங்க கொஞ்சப் பேருக்கு சனிக்கிழமை சாயந்திரம் படம் வரையச் சொல்லித் தர்றேன், ஃபீஸ் எல்லாம் வாங்குறதில்ல. இங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு குதிரை வரைங்கடான்னு சொன்னேன். எல்லாரும் உடனே ஃபோனை எடுத்துப் படத்தைத் தேடி அதைப் பார்த்தே வரைஞ்சாங்க, நல்லாத்தான் வரைஞ்சாங்க, ஆனா முக்கால்வாசிப் பேர் பின்னங்காலை முன்னங்கால் மாதிரியே மடக்கி வச்சிருந்தாங்க. ஒரு பொண்ணு கேட்டா, "ஆன்ட்டி, குதிரைக்கு முட்டி எங்க இருக்கு?" நல்ல கேள்வி அது. முன்னங்கால்ல நாம முட்டின்னு நினைக்கிறது நம்ம கையில மணிக்கட்டு. பின்னங்கால்ல பின்பக்கமா துருத்திக்கிட்டு நிக்குதே, அது நம்ம குதிகால். உண்மையான முட்டி மேல வயித்தோரமா தோலுக்குள்ள மறைஞ்சிருக்கு. குதிரை நிக்கிறது ஒவ்வொரு கால்லயும் ஒரே ஒரு விரல் நுனியில. இதைப் போர்டுல போட்டுக் காட்டினேன், தலையாட்டினாங்க, அடுத்த வாரம் மறுபடியும் அதே தப்பு. குத்தம் பிள்ளைங்க மேல இல்ல. அவங்கள்ல ஒருத்தர்கூட குதிரையைத் தொட்டதில்ல.

நான் தொட்டிருக்கேன். எங்க அப்பா புக்கிட் தீமா ரேஸ் கோர்ஸ்ல சைஸா, அதாவது குதிரையைப் பார்த்துக்கிற ஆளா இருந்தவர், 1999ல பந்தயம் நடத்தின டர்ஃப் கிளப் கிராஞ்சிக்கு இடம் மாறினப்போ அவரும் கூடவே போனார். விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவார். சின்ன வயசுல எப்பவாவது என்னையும் தங்கச்சியையும் லாயத்துக்குக் கூட்டிட்டுப் போவார். ஓடிட்டு வந்த குதிரை மேல ஹோஸ் பைப்ல தண்ணி அடிக்கும்போது ஆவி பறக்கும், சோப்பு நுரை மாதிரி வேர்வை வழியும், அதை அப்பா தகடு மாதிரி ஒண்ணால வழிச்சு விடுவார். வேர்க்காத குதிரையைப் பார்த்தாத்தான் அவருக்குப் பயம். குளிர் நாட்டுல இருந்து வர்ற சில குதிரைக்கு நம்ம ஊர் புழுக்கத்துல வேர்க்கிறதே நின்னு போயிடும், சூடு உடம்புக்குள்ளயே தங்கிடும். அதனால கழுத்துல கை வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பார். நான் முதல்ல வரைஞ்ச குதிரையும் அங்கதான், பந்தயச் சீட்டுக்குப் பின்னாடி, அப்பாவோட பென்சில்ல.

இப்ப இங்க தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, அவ வீட்டுக்காரர் தனியா பதினாலு குதிரையைப் பார்க்க முடியாது, அதான் நான் வந்தேன். ஸ்கெட்ச் புக், ஆயில் பெயின்ட், பிரஷ் எல்லாம் பெட்டியில அடுக்கிக்கிட்டு வந்தேன், ரெண்டு மாசம் குதிரைங்களுக்கு நடுவுல உக்காந்து வரையலாம்னு ஆசை. முதல் வாரம் ஒரு கோடுகூடப் போடல.

இங்க குளிர்காலத்து வேலை எப்படின்னா, அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும், சூரியன் எட்டு மணி வாக்குலதான் வரும், அதுவரைக்கும் தலையில மாட்டின லைட் வெளிச்சத்துலதான் எல்லாம். முதல்ல புல்லு, காய்ஞ்ச புல்லு. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ, குளிர் கூடினா இன்னும் கூட. அந்தப் புல்லு பெருங்குடல்ல கிடந்து புளிக்கும்போது வர்ற சூடுதான் குதிரைக்கு உள்ள எரியுற அடுப்பு. கொள்ளுன்னா வாயைத் திறக்கும் கடிவாளம்னா வாயை மூடும்னு நம்ம பழமொழி சொல்லுது, ஆனா குளிருக்குக் கொள்ளோ ஓட்ஸோ கொட்டுறதைவிட புல்லுதான் காப்பாத்துது. அப்புறம் தண்ணி. தொட்டியில ராத்திரியே ஐஸ் கெட்டியாப் படிஞ்சிடும், சுத்தியலால உடைக்கணும், உடைச்ச துண்டை அப்படியே விட்டா மறுபடி ஒட்டிக்கும், வெளிய எடுத்துப் போடணும். அதுக்குத் தங்கச்சி வச்சிருக்கிறது சிங்கப்பூர் தேக்காவுல வாங்கின வடை அள்ளுற பெரிய ஜல்லிக்கரண்டி! குதிரை ஒரு நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்கணும். தண்ணி ஜில்லுன்னு இருந்தா குறைச்சுக்கும், காய்ஞ்ச புல்லு உள்ள போய் அடைச்சுக்கும், வயித்துவலி வந்து உயிரே போனாலும் போயிடும். இங்க குளிர்காலத்துல தங்கச்சி தூங்காம கிடக்கிறது இந்த ஒரு பயத்துலதான்.

அப்புறம் லத்தி அள்ளுறது. நம்ம ஊர்ல அது ஈரமா நாறும், இங்க கல்லு மாதிரி உறைஞ்சு தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். குளிருதேன்னு லாயத்துக் கதவையெல்லாம் சாத்தி வைக்கவும் கூடாது, மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா குதிரையோட நெஞ்சைக் கெடுத்துடும். வெளிய போயிட்டு வந்தா குளம்புக்கு அடியில பனி உருண்டையா இறுகிக்கிட்டு இருக்கும், லாடம் அடிச்ச குதிரைன்னா இன்னும் மோசம், ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி தடுமாறும், ஒவ்வொரு காலையும் மடியில தூக்கி வச்சு கொக்கியால நோண்டி எடுக்கணும். பதினாலு குதிரை, அம்பத்தாறு கால். இதெல்லாம் முடிய பத்தரை ஆயிடும். மூணு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கணும், ஏன்னா அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடுது.

நடுவுல கிடைக்கிற நாலரை மணி நேரத்துலதான் சாப்பாடு, தங்கச்சிக்கு மருந்து, துணி, படம் எல்லாம். முதல் வாரம் அழுகையே வந்துச்சு. ஐஸ் உடைச்ச கை அரை மணி நேரத்துக்கு நடுங்கும், மெல்லிசா ஒரு கோடு நிக்காது. லாயத்துல உக்காந்து வாட்டர் கலர் போட்டுப் பார்த்தேன், பேப்பர் மேலயே தண்ணி உறைஞ்சு இலை இலையாப் பூத்துடுச்சு. அக்ரிலிக் உறைஞ்சா அவ்வளவுதான், தயிர் திரிஞ்ச மாதிரி ஆயிடும். பால்பாயின்ட் பேனா எழுதாது. ஆயில் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைனை லாயத்துப் பக்கமே கொண்டு போகக் கூடாது, சுத்திலும் காய்ஞ்ச புல்லு, ஒரு பொறி போதும். ஃபோன்ல படம் எடுத்துக்கலாம்னா குளிர்ல பேட்டரி செத்துடுது, எடுத்தாலும் கிட்ட இருந்து எடுத்த படத்துல தலை பூசணிக்காய் மாதிரியும் பின்பக்கம் சுண்டைக்காய் மாதிரியும் வருது.

அப்புறம் மெதுவா ஒரு வழி அமைஞ்சுது. கோட் பாக்கெட்ல உள்ளங்கை அளவு அட்டை பத்து, ஒரு 6பி பென்சில். புல்லு போட்டுட்டு குதிரை திங்க ஆரம்பிக்கிற ரெண்டு நிமிஷம், தொட்டியில தண்ணி ரொம்புற அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான், க்ளவுஸோடயே ரெண்டு மூணு கோடு. உள்ள வந்ததும் கை நடுங்குற நேரத்துல பெரிய பிரஷ்ஷால மொத்த உருவத்தைத் தீட்டிடுவேன், அதுக்கு நடுங்குற கை போதும். கண்ணு, மூக்குத் துவாரம், கடிவாளத்து வாரு எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ரவுண்டு போயிட்டு வந்து, கை சூடானப்புறம். படம் வரையிறவங்க யாராவது வீட்டு வேலைக்கும் படத்துக்கும் நடுவுல முழிச்சுக்கிட்டு இருந்தா இதைச் செஞ்சு பாருங்க, நாலு மணி நேரம் சேர்ந்தாப்புல கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

ஆனா நான் எழுத வந்தது நேரத்தைப் பத்தி மட்டும் இல்லீங்க. ஒரு மாசம் கழிச்சு அட்டைகளை வரிசையா அடுக்கிப் பார்த்தேன். முப்பது வருஷமா நான் வரைஞ்ச குதிரைங்களைவிட இந்தக் கிறுக்கல்ல இருக்கிற குதிரைங்க நல்லா நிக்குது! கால் தரையில ஊணி நிக்குது, எடை தெரியுது. ஏன்னா அந்தக் காலை நான் தூக்கியிருக்கேன். எந்தக் காலை எப்ப தளர விடும், எப்ப என் மேலயே சாயும்னு என் இடுப்புக்குத் தெரியும். குளிர்கால ரோமம் இங்க விரல் புதையுற அளவுக்கு அடர்த்தி, கண்ணால பார்த்தா ஒரு எலும்பும் தெரியாது, பிரஷ் போடும்போது கையிலதான் தட்டுப்படும், தோள்பட்டை இங்க, விலா இங்கன்னு. அந்த ரோமம் குளிர் வந்தப்புறம் முளைக்கிறதில்ல, பகல் குறையறதை வச்சு கோடைக்காலம் முடியறதுக்குள்ளயே குதிரை தயாராக ஆரம்பிச்சிடுதாம், தங்கச்சி சொன்னா. இங்க ஒரு கிழட்டுச் செவலை இருக்கு, பனி கொட்டும்போது காத்துக்கு முதுகைக் காட்டி, வாலை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி நிக்கும். முதுகு மேல விழுந்த பனி உருகாம அப்படியே கிடக்கும். ஐயோ பாவம்னு நான் ஓடினேன், தங்கச்சி ஜன்னல்ல இருந்தே கத்துறா, "அக்கா, உருகாம இருக்குன்னா உடம்புச் சூடு வெளிய போகலன்னு அர்த்தம், விடு!"

வெளிச்சமும் வேற. நம்ம ஊர்ல உச்சி வெயில்ல குதிரையோட வயிறுதான் இருட்டு, கண்ணை மூடிக்கிட்டு கருப்பைக் கலக்கிடுவேன். இங்க கீழ இருக்கிற பனி வெளிச்சத்தை மேல அடிக்குது, வயித்தடியில நீலமா ஒரு பளபளப்பு. அதை முதல்ல பார்த்தது குனிஞ்சு குளம்பு நோண்டும்போதுதான். ஈஸல் முன்னாடி நின்னிருந்தா அந்த நீலம் எனக்குக் கிடைச்சிருக்காது.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான். பிரான்ஸ்ல ரோசா பொனேர்னு ஒரு அம்மா, 1850கள்ல பாரிஸ் குதிரைச் சந்தையைக் கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் அகலத்துல வரைஞ்சாங்க. அதுக்காகச் சந்தைக்கே திரும்பத் திரும்பப் போனாங்க, பொம்பளையா போனா தொந்தரவுன்னு ஆம்பளை உடுப்பு போட்டுக்கிட்டு. அந்தக் காலத்துல பொம்பளைங்க பேன்ட் போட அங்க போலீஸ்கிட்ட அனுமதி வாங்கணும், அதையும் வாங்கினாங்க. நம்ம சிங்கப்பூருக்கே 1939ல சீன ஓவியர் சூ பெய்ஹோங் வந்து தங்கி, படக்காட்சி வச்சு சீனாவுல போர்ல பாதிக்கப்பட்டவங்களுக்குப் பணம் திரட்டினார். மையில அவர் வரைஞ்ச பாயுற குதிரைங்களைத்தான் இன்னிக்கும் எத்தனையோ கடைக் காலண்டர்ல பார்க்கிறோம். நிஜக் குதிரையைப் பார்த்துப் பார்த்து ஸ்கெட்ச் போட்ட கை அது.

நம்ம பிள்ளைங்களுக்கு அந்த வாய்ப்பு எங்க இருக்கு? 1842ல கிளப் ஆரம்பிச்சு நடத்திட்டு வந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோட கிராஞ்சியில முடிஞ்சுது. அன்னிக்கு நானும் போயிருந்தேன், அப்பா இல்லையேன்னு இருந்துச்சு. நிலத்தை 2027 மார்ச்சுக்குள்ள அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கணும், வீடு வரும், அதை நான் தப்புன்னு சொல்லல, வீடும் வேணும். ஆனா ரேஸ் கோர்ஸ் ரோட்டுல வாழையிலையில சாப்பிடப் போறவங்க எத்தனை பேருக்கு அங்க ஃபேரர் பார்க் திடல்ல 1933 வரைக்கும் குதிரை ஓடினது தெரியும்? பக்கத்துல கெர்பாவ் ரோடு, மலாய்ல கெர்பாவ்னா எருமை. ஊர் முழுக்க மிருகங்களோட பேர் இருக்கு, மிருகம்தான் இல்ல.

அதனால உங்க பத்திரிகை மூலமா ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர்ல இன்னும் குதிரை வச்சிருக்கிற ரைடிங் ஸ்கூல்காரங்க மாசத்துல ஒரு காலை, ஒரே ஒரு காலை, பத்துப் பதினஞ்சு பிள்ளைங்களை உள்ள விடணும். சவாரி வேண்டாம், அதுக்குக் காசு கட்ட எல்லாராலயும் முடியாது. லத்தி அள்ளட்டும், தண்ணி பிடிக்கட்டும், பிரஷ் போடட்டும், அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து வரையட்டும். சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்னா நம்ம தமிழ்க் குடும்பங்கள்லயே இருக்காங்க. அப்பா காலத்து சைஸுங்க, கிராஞ்சி மூடினதும் வேலையை விட்டவங்க, புளோக் கீழ சும்மா உக்காந்திருக்காங்க. குதிரை காதை எந்தப் பக்கம் திருப்பினா என்ன அர்த்தம், பின்னாடி எவ்வளவு தள்ளி நடக்கணும்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்? ரெண்டு பேர்கிட்ட ஃபோன்லயே பேசிட்டேன், வர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தருக்கு வயசு எழுபத்தி ஒண்ணு, குரலே மாறிப் போச்சு அவருக்கு.

பேப்பர், பென்சில், கலர் எல்லாம் என் செலவு. மார்ச் முதல் வாரம் ஊருக்கு வந்துடுவேன். இடம் கொடுக்க முடியுறவங்க, குதிரை பழக்கின அனுபவம் இருக்கிற பெரியவங்க யாராவது உங்க அலுவலகத்துக்குத் தகவல் சொன்னா தயவுசெஞ்சு எனக்குச் சேர்த்துடுங்க, என் விலாசமும் நம்பரும் உங்ககிட்ட இருக்கு.

மணி மூணாகப் போகுது. செவலை கேட் பக்கத்துல வந்து நிக்குது, மீசை முடியெல்லாம் ஐஸ். அட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.

அன்புடன்,
ஈசூன் வாசகி ஒருவர்