நோட்டீஸ், தட்டு, ஒரு ஆர்மோனியம்: நன்கொடை வேண்டுகோள்

நாடக ரசிகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்களிடம் உள்ள பழைய நாடக நோட்டீஸ்களில் ஒன்று இளஞ்சிவப்புத் தாளில் அடித்தது. வள்ளி திருமணம். இடப்பக்கம் ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) படம், வலப்பக்கம் ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷக்காரர்) படம். இரண்டு படங்களையும் யாரோ பென்சிலால் கோடு போட்டு அளந்திருக்கிறார்கள். ராஜபார்ட் படத்துக்குக் கீழே 'கால் அங்குலம் கம்மி' என்று எழுதியிருக்கிறது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்த மனக்குறையோடுதான் அவர் அன்று ராத்திரி வேலனாக வந்து, வள்ளியைக் கெஞ்சிக் கெஞ்சிப் பாடி, விடியும் நேரத்தில் மாலை மாற்றியிருப்பார்.

இப்படி 412 நோட்டீஸ்கள், 163 கிராமபோன் தட்டுகள், இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள், காலால் மிதித்து வாசிக்கும் ஓர் ஆர்மோனியம் எங்கள் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. மதுரைப் பக்கத்து நாடகக் குடும்பங்கள் வீடு மாற்றும்போதும், பாகம் பிரிக்கும்போதும் 'எடைக்குப் போடுவதற்குப் பதிலாக உங்களிடம் கொடுக்கலாமே' என்று தந்தவை. இவற்றைக் காப்பாற்றிப் பொதுப் பார்வைக்கு வைக்க 4,50,000 ரூபாய் தேவை. இதுவரை 1,35,000 சேர்ந்திருக்கிறது. மீதி 3,15,000 ரூபாய்க்காகத்தான் இந்த வேண்டுகோள்.

எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவை ஸ்பெஷல் நாடக உலகத்துச் சொத்துகள். ஸ்பெஷல் நாடகம் என்பது கம்பெனி நாடகம் அல்ல. கம்பெனியில் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். ஸ்பெஷலில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முன்பணம் கொடுத்து அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் நேருக்கு நேர் நின்ற பிறகுதான் எதிராளி இன்றைக்கு எந்த ராகத்தில் ஆரம்பிப்பார், எந்தக் கேள்வியில் மடக்குவார் என்பதெல்லாம் தெரியவரும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம், வள்ளிக்கும் வேலனுக்கும் வாக்குவாதம் என்று நாடகமே போட்டியாகத்தான் அமைந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, கோழி கூவும் வரை ஓடும். காதல் காட்சியைப் பார்க்க வந்தவனைவிட, யார் யாரை மடக்கப்போகிறார்கள் என்று பார்க்க வந்தவன்தான் அதிகம்.

இந்தப் போட்டி மேடையோடு நின்றுவிடாது. ஒரு ராத்திரி காதலனும் காதலியுமாக நின்றவர்கள், மறுநாள் சம்பள விஷயத்தில் முறைத்துக்கொள்வார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்களை அடுத்த வாரமே இன்னொரு ஊர்க்காரர்கள் ஜோடியாகப் போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். பெரியவர்களின் இந்தக் கட்டுப்பாடற்ற போக்கைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் சுவாமிகள் போன்றவர்கள் பையன்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனிப் பக்கம் திரும்பினார்கள். பையன்களாவது சொன்னதைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை. அங்கேயும் போட்டி இல்லாமலா? ராஜபார்ட் பையனுக்கு மகரக்கட்டு (வயசு வந்து குரல்) உடையும் நாளுக்காக அடுத்தவன் காத்திருப்பான்.

இந்த உலகத்திலிருந்து வந்த மிகப் பெரிய ஜோடி எது என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும். இருவரும் சிறு வயதிலேயே மேடையேறியவர்கள். கிட்டப்பா 1906-ல் பிறந்தவர், சுந்தராம்பாள் 1908. மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்கும் சாரீரம் இருவருக்கும். 1926-ல் இலங்கையில் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். சுந்தராம்பாளோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று கிட்டப்பாவை அப்போது சிலர் பயமுறுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. இந்த அம்மாளுக்கும் அதே மாதிரி எச்சரிக்கை போனதாம். இரண்டும் நடந்திருக்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம், ஏனென்றால் நாடகக் கொட்டகையில் அப்படிச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒருவரையொருவர் ஜெயிக்க நின்றவர்கள் ஒருவர் பாட்டில் ஒருவர் விழுந்துவிட்டார்கள். மறு வருஷமே கல்யாணம்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம் வந்து அவர் செங்கோட்டையிலும் இவர் கொடுமுடியிலுமாகப் பிரிந்து இருந்தார்கள். சுந்தராம்பாள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். கெஞ்சலும் கோபமும் கலந்த அந்தக் கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், மேடையில் கேள்வி கேட்டு மடக்கிய அதே பெண் அங்கே பதிலுக்காகக் காத்திருக்கிறாள். 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். 28 வயது முடியவில்லை. 25 வயதில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்ட சுந்தராம்பாள் கடைசிவரை அதை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக மறுபடி நடிக்கவும் இல்லை. 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து அழைத்தபோதுகூட, அவர் ஏற்றது ஆண் வேஷம், நந்தனாராகவே வந்தார்.

ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும், நாங்கள் உட்பட, சுந்தராம்பாள் பக்கமே நின்று சொல்கிறோம். செங்கோட்டை வீட்டில் இருந்த முதல் மனைவி கிட்டம்மாளின் பெயர் எங்களிடம் உள்ள ஒரு தாளிலும் இல்லை. அவர் பாடவில்லை, அதனால் தட்டிலும் இல்லை.

கிட்டப்பா, சுந்தராம்பாள் கதை எப்படியும் நிற்கும். எங்கள் கவலை பெயர் தெரியாதவர்களைப் பற்றியது. அதற்கு ஆர்மோனியத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆர்மோனியத்தை எங்களுக்குக் கொடுத்தவர் 1950-களில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். அதற்கு முன் ஒரு மத்தியானம் முழுக்க அவர் பேச, நாங்கள் செல்போனில் பதிவு செய்தோம் (பின்னணியில் மிக்சி சத்தம்). ஸ்திரீபார்ட் ஒருவர் மேல் அவருக்குப் பிரியம். வெளியே சொன்னதில்லை. அந்த அம்மாளுக்கு வழக்கமாக ஜோடியாக வரும் ராஜபார்ட்டின் மேல் இவருக்கு ஆத்திரம். ராஜபார்ட்டுக்கு நாலு கட்டை சுருதி, அவர் குரலுக்கு ஏற்ற உயரம் அதுதான். திரைக்குள்ளிருந்து பாடிக்கொண்டே மேடைக்கு வருவது வழக்கம். இவர் முன்வாசிப்பை நாலரைக் கட்டையில், கொஞ்சம் தூக்கி, வாசித்துவிடுவார். பல்லவியில் ஒன்றும் தெரியாது. அனுபல்லவியில் மேலே ஏறும்போதுதான் கழுத்து நரம்பு புடைக்கும். அதற்குள் ஆள் மேடை நடுவுக்கு வந்திருப்பார், திரும்பிப் போக முடியாது.

ராஜபார்ட்டும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் தர்க்கத்தின் நடுவே வள்ளியிடம், "பெண்ணே, உன் தினைப்புனத்துல ஒரு பறவை ராப்பகலா கத்துதே, அதைக் கவண்கல்லு வீசி விரட்டக் கூடாதா?" என்று ஆர்மோனியப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டுவிட்டார். கொட்டகையே சிரித்தது. வள்ளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். "அது கத்துனாத்தான் எனக்குப் பொழுது விடியும், வேடரே."

விசில் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று என்றார் பெரியவர். அந்த ஒரு வரியை அவர் எங்களிடம் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் வெவ்வேறு ராகத்தில். அது மேடைக்காகச் சொன்னதா, மனசிலிருந்து வந்ததா என்று அந்த அம்மாளிடம் கேட்டீர்களா என்றோம். "கேட்டா என்ன சொல்லுவா? மேடைக்குத்தான்னு சொல்லுவா. எதுக்குக் கேக்கணும்?" என்றார். அந்த அம்மாள் ராஜபார்ட்டையும் கட்டவில்லை. பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டுப் போய்விட்டார்.

ஆர்மோனியம் வந்த பிறகு அதன் காற்றடிக்கும் துருத்தியைப் பிரித்துப் பார்த்தோம். உள்பக்கம் ஓட்டையை அடைக்க ஒட்டியிருந்தது ஒரு நாடக நோட்டீஸ். அந்த அம்மாளின் படம் பாதி தெரிகிறது. "காத்து போச்சு, கைக்குக் கிடைச்ச தாளை ஒட்டினேன்" என்று பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எங்கள் குழுவில் உள்ள பழைய பபூன் ஒருவர் உடனே கேட்டார்: "அந்த ஊர்ல தினத்தந்தி வரலையா?"

சரி, செலவு விவரத்துக்கு வருவோம்.

கிராமபோன் தட்டுகள் அரக்கில் செய்தவை. நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். கீழே விழுந்தால் அப்பளம்தான். முதலில் விவரம் தெரியாமல் 20 தட்டுகளை ஓர் இடத்தில் பதிவுக்குக் கொடுத்தோம். அவர்கள் பிற்காலத்து எல்பி ரெக்கார்டுக்கான மெல்லிய ஊசியை வைத்து ஓட்டியதில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வந்தது; இரண்டு தட்டு விரிசலோடு திரும்பி வந்தன. 78-க்கு அகலமான ஊசி தனி, ஓட்டும் முன் கழுவும் முறையும் தனி. தெரிந்தவரை வைத்து முறையாகச் செய்ய 1,40,000 ரூபாய் ஆகும். நோட்டீஸ்களைப் பூஞ்சை நீக்கி, அமிலமில்லாத உறையில் போட்டு, ஸ்கேன் செய்ய 90,000. அலமாரிகளுக்கு 42,000. ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்க 18,000.

மீதமுள்ள 1,60,000 ரூபாயைப் பற்றிக் குழுவிலேயே சண்டை வந்தது. இந்தப் பணத்தில் 20 மூத்த கலைஞர்களைத் தேடிப்போய், பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்யப்போகிறோம். ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய் மரியாதை, அதுவே ஒரு லட்சம். மிச்சம் 60,000 பயணத்துக்கும் கேமராவுக்கும். கதை சொல்வதற்குக் காசா என்று ஒருவர் கேட்டார். விடிய விடியப் பாடி, பாதிச் சம்பளத்தைக் கடனாக விட்டு வந்தவர்கள் இவர்கள். இந்தத் தடவையாவது கையில் கொடுத்துவிட்டுக் கேட்போம் என்று முடிவாயிற்று. தாள் இன்னும் பத்து வருஷம் அலமாரியில் தாங்கும். இவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது. அதனால் முதலில் சேரும் பணம் இதற்குத்தான் போகும்.

நூறு ரூபாயானாலும் வாங்கிக்கொள்கிறோம், ரசீது உண்டு. கொடுமுடியில் காந்திஜிக்குச் சுந்தராம்பாள் தங்கத் தட்டில் சாப்பாடு போட, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று அவர் கேட்டு வாங்கி ஏலம் விட்டதாகச் சொல்வார்கள். நாங்கள் அவ்வளவு தைரியசாலிகள் இல்லை. வீட்டுப் பரணில் பழைய தட்டோ நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ கிடந்தால் அதைக் கொடுத்தாலும் பணம் கொடுத்தது மாதிரிதான். கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். பெயர் சொல்லி அடையாளம் காட்டினால் இன்னும் நல்லது. பாதிப் படங்களில் இருப்பவர் யார் என்று எங்களுக்கே தெரியாது.

போலி வேண்டுகோள்கள் பரவும் காலம் என்பதால் வங்கிக் கணக்கு எண்ணை இங்கே அச்சிடவில்லை. இதை உங்களிடம் கொடுத்த குழு உறுப்பினரிடமோ பொருளாளரிடமோ நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவைப் பங்குனிக்குள் அச்சிட்டு எல்லோருக்கும் தருவோம். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நாடக சீசன். அப்புறம் எங்களில் பாதிப் பேரைப் பிடிக்க முடியாது.

ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர் துருத்தியை முழுக்க உரித்துப் புதுத் தோல் போட வேண்டும் என்கிறார். உள்ளே ஒட்டியிருக்கும் தாளை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். கொஞ்சம் காற்று போகும் என்றார். போகட்டும்.

நன்கொடை தருபவர்களின் பெயர்கள், இவற்றைப் பார்வைக்கு வைக்கும் அறையின் வாசல் பலகையில் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். பென்சிலும் ஸ்கேலும் கொண்டுவந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குழுவினர்