ஒரு கம்பி முறிந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிளின் பின் சக்கரத்தில் ஒரே ஒரு ஸ்போக் கம்பி முறிந்தது, பக்கத்து வீட்டுப் பையன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனான், "கம்பி தனியா இல்ல தம்பி, வீலோட மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். பினாங்கில் இந்தப் பதில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சில வெள்ளிக்கு (ரிங்கிட்) முடிய வேண்டிய வேலை இது. டயர் உட்காரும் வளையமான ரிம் நெளியாமல், மற்ற கம்பிகள் துருப்பிடிக்காமல் இருந்தால், வீட்டு முன்நடையான அஞ்சடியில் உட்கார்ந்து நாமே மாற்றிக்கொள்ளலாம்.

முறிவது பெரும்பாலும் பின் சக்கரத்தின் வலது பக்கம், அதுவும் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் ஓட்டையில் கம்பி வளையும் கழுத்தில். காரணம் இருக்கிறது. கியர் சைக்கிளில் பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி இருக்கும், அதனால் வலது கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கின்றன, ரிம்மை நடுவில் நிறுத்த அவை இடது கம்பிகளைவிட அதிக இழுவையைத் தாங்க வேண்டும். உடம்பின் பாரம் அதிகம் விழுவதும் பின்னால்தான், சந்தைச் சாமானைக் கட்டுவதும் பின்னால்தான். செயின் உட்பக்கம் நழுவினால் கம்பியை அறுக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருப்பார்கள், அதை அழகில்லை என்று பிடுங்கி எறிபவர்களும் நம்மில் உண்டு!

கம்பி வாங்கப் போகும்போது முறிந்த துண்டுகள் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பின் சக்கரத்தில் வலது கம்பி இடது கம்பியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கனம் சாதாரணமாக 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர். கடல் காற்று அடிக்கும் ஊர் நமது, எவர்சில்வர் கம்பியாகவே கேளுங்கள். கம்பியை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டான நிப்பிளைத் திருகும் சின்னச் சாவி ஒன்றும் வேண்டும். அது நிப்பிளுக்குச் சரியான அளவாக இல்லாவிட்டால் மூலைகள் மழுங்கிப்போகும், அப்புறம் இடுக்கியால்கூடப் பிடிக்க முடியாது.

வலது பக்கக் கம்பி என்றால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகிக்கொள்ளும் பழைய வகைப் பல்சக்கரமான ஃப்ரீவீல் லேசில் அசையாது, அதற்குரிய கருவியும் பெரிய ஸ்பானரும் இல்லாதவர்கள் அதை மட்டும் கடையில் கழற்றித் தரச் சொல்லலாம். இடது பக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, டிஸ்க் பிரேக் இருந்தால் மட்டும் அந்த பிரேக் தட்டைக் கழற்ற வேண்டிவரும்.

புதுக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். அதே பக்கத்தில் ஒரு கம்பி விட்டு அடுத்த கம்பியைப் பாருங்கள், ஹப்பில் மாட்டும் அதன் கொண்டை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, எத்தனை கம்பிகளைக் கடக்கிறது, எதற்கு அடியில் நுழைகிறது எல்லாம் அதிலேயே எழுதிவைத்த மாதிரி இருக்கும். 36 கம்பிச் சக்கரத்தில் வழக்கமாக மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும், முதல் இரண்டையும் ஒரே பக்கமாகத் தாண்டி, மூன்றாவதை மட்டும் மறுபக்கமாகத் தாண்டும். நுழைக்கும்போது கம்பியை வில்லாக வளைக்கலாம், மடக்கிவிடக் கூடாது.

இனி ரிம்மின் கோட்டம் எடுப்பது, பொறுமை வேண்டிய இடம் இதுதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சைக்கிள் சட்டத்தில் ஒரு கேபிள் டை கட்டி அதன் முனையை ரிம் அருகே கொண்டுவந்தால் போதும். வலது கம்பி முறிந்தபோது ரிம் இடது பக்கம் சாய்ந்திருக்கும், புதுக் கம்பி இறுக இறுகத் திரும்பி வரும். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில் தடுமாறாதவர் குறைவு: டயர் பக்கமிருந்து ரிம்மைப் பார்த்து ஸ்குரூ முறுக்குவதாக நினைத்துக்கொண்டு வலமாகத் திருப்புங்கள், சரியாக இருக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நடுநடுவே அதே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள், புதுக் கம்பியின் சத்தமும் மற்றவற்றின் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கம்பி முனை நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த நாளே டியூப் பஞ்சர்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பல வருடம் ஓடிய சக்கரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் முறிகின்றன என்றால் மிச்சமுள்ளவையும் களைத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம், அப்போது எல்லாக் கம்பிகளையும் மாற்றச் சொன்னாலோ புதுச் சக்கரம் போடச் சொன்னாலோ சரி, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல் கம்பி முறிந்ததுமே அதைச் சொல்லாதீர்கள். நாலைந்து அளவில் கொஞ்சம் கம்பிகளை வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டாகவும் விற்கலாமே?

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு