செயலாளர் ஆண்டறிக்கை: பெரிய கம்பெனி வேலையும் நம் பிள்ளைகளின் மனநலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான காரியங்கள் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. ஓணம், பொங்கல் விளையாட்டுப் போட்டிகள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, வாசகசாலை எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல நினைப்பது, ஞாயிறு மாலைகளில் புதிதாகத் தொடங்கிய கலந்துரையாடலைப் பற்றி.

குழித்துறையில் ரயில் பிடித்துத் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போகிறவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் தங்கி ஊருக்கு வந்து போகிறவர்கள், கொரோனாவுக்குப் பிறகு வீட்டு மாடியிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டவர்கள், மாத டார்கெட்டுக்கு ஓடுகிற தனியார் வங்கி ஊழியர்கள் என்று நம்மில் பலவிதம் உண்டு. சம்பளம் வருகிறது, வீட்டுக்கு மேல் மாடி எழும்புகிறது. ஆனால் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான் என்று தாய்மார்கள் வந்து வருத்தப்பட்டதால்தான் இந்தக் கூட்டமே தொடங்கியது.

ஒரு கூட்டத்தில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் போனை முழங்காலில் மல்லாத்தி வைத்துக்கொண்டே பேசினார். திரை ஒளிரும்போதெல்லாம் பேச்சு பாதியில் நின்றது. சாயா ஆறி ஆடை படிந்துவிட்டது. “எடுக்கண்டாம் மக்ளே, இன்னைக்கு ஞாயிறுல்லா?” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். “ஞாயிறுன்னு அவங்களுக்கும் தெரியும் மாமா. எடுக்கலேன்னா நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் வச்சுக் கேப்பாங்க” என்றார் தம்பி. வேலை அதிகம் என்பதைவிட, எல்லார் முன்னாலும் கேட்பார்கள் என்ற பயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இன்னொரு கூட்டத்துக்கு மனநல மருத்துவர் ஒருவரை அழைத்தோம். வேலையில் ஓயாத மன அழுத்தம் சரியாகக் கையாளப்படாதபோது வரும் நிலையை ‘பர்ன் அவுட்’ என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விவரித்திருப்பதை அவர் விளக்கினார். மூன்று அடையாளங்கள்: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும், நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் குனிந்துகொண்டார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். ‘வேலை செஞ்சு யாரும் சாகமாட்டாங்க’ என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

பெரிய கம்பெனிகள் இப்போது மனத்திடப் பயிற்சி, யோகா வகுப்பு, தியானச் செயலி என்று நிறையவே கொடுக்கின்றன. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், இப்படிப்பட்ட பயிற்சிகளில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சுமையைக் குறைக்காமல், சுமப்பவனைப் பார்த்து ‘இன்னும் திடமாக நில்’ என்றால் எப்படி? வேலை மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்பதில் தன் பேச்சு எடுபடாமலும் இருக்கிற இடத்தில்தான் அழுத்தம் முற்றுகிறது என்று ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் வேலைச் சூழலை மாற்றுவதையும், மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் சேர்த்தே வலியுறுத்துகிறது.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் நம் தங்கைகளையும் மறக்கக் கூடாது. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. அது நம் பெண்கள் பலருக்குத் தெரியவே இல்லை. அந்தத் தகவலைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அதன் கீழே 14416 என்ற எண்ணும் இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு மகளிர் அணி அக்காமார் துணை வருவார்கள், வெளியில் மூச்சுவிட மாட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் பிள்ளைகளிலேயே டீம் லீடரும் மேனேஜரும் ஆனவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்புகிறவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுக்கென்று தனிக் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. ஓணம் விடுப்புக்கு ஊருக்கு வரும்போது அவர்களை அழைத்து வரும் பொறுப்பைப் பெற்றோர்கள் ஏற்க வேண்டும்.

கூட்டங்களுக்கு இடமும் சாயாவும் தந்தவர்களுக்கு நன்றி. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்